எண்ணத்தில் எழுந்த கோபுரம்

கற்பனை கவிஞனுக்கும் கணக்கு அறிவியலறிஞனுக்கும் உரியன என்று பிரித்துப் பேசுவது வழக்கம். அவ்விரண்டையும் ஒருங்கே கைக்கொண்டவர் கான்ஸ்தாந்தின் சியோல்கோவ்ஸ்கி.

உருசிய நாட்டின் ரியாசான் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 1857ஆம் ஆண்டு பிறந்தார். பத்து வயதளவில் கண்ட காய்ச்சல் அவரது செவிப்புலனைப் பெரிதும் பறித்தது. சில ஆண்டுகளில் தாயையும் இழந்தார். பள்ளிக் கல்வி தடைப்படவே, நூல்களே ஆசான்களாயின. பதினாறாம் வயதில் மாஸ்கோ சென்று, கறுப்பு ரொட்டியுண்டு பசியாற்றி, தந்தை அனுப்பிய சிறுதொகையை நூல்களுக்கும் சோதனைப் பொருள்களுக்கும் செலவிட்டார். பின்னர்ப் பொரோவ்ஸ்கிலும், 1892 முதல் கலூகாவிலும் பள்ளியாசிரியராக வாழ்ந்தார்.

1889இல் பாரிஸில் எழுந்த ஈபெல் கோபுரமே அவர் சிந்தைக்கு வித்திட்டது என்பர். 1895இல் வெளியான நூலில், நிலத்தினின்று விண்ணளாவ உயரும் கோபுரமொன்றை அவர் கற்பித்தார். அதில் ஏற ஏற எடை குறையும். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் முற்றும் மறையும். விண்வெளியில் ஒரு வாழிடத்தையும் மற்றொரு பொருளையும் சங்கிலியால் பிணைத்துச் சுழற்றினால், உள்ளிருப்போர் எடையை உணர்வர் என்பதும் அவர் கண்டதே.

வாழ்க்கை அவரிடம் பரிவு காட்டவில்லை. 1902இல் மகன் தற்கொலை செய்துகொண்டான். மறு ஆண்டே ஏவூர்திப் பயணம் பற்றிய அவரது புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. அன்று அதைப் போற்றியவர் மிகச் சிலரே. 1908இல் ஓகா ஆற்று வெள்ளம் வீட்டினுள் புகுந்து கையெழுத்துப்படிகளை அழித்தது. ஆயினும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1935இல் கலூகாவில் மறைந்தார். முதல் செயற்கைக்கோள் விண்ணேறியது அதற்கு 22 ஆண்டுகள் கழித்தே.

அவரது கோபுரத்தை எழுப்பத்தக்க வலிமையுள்ள பொருள் இல்லை. எனவே 1960இல் யூரி அர்த்சுதானோவ் என்னும் பொறியாளர், நிலத்தின் சுழற்சியோடு ஒத்துச் சுழலும் கோளிலிருந்து வடத்தைக் கீழே தொங்கவிடும் வழியை முன்வைத்தார். 1966இல் ஜெமினி 11 கலம், ஏறத்தாழ 30 மீட்டர் வாரினால் மற்றொரு கலத்தோடு பிணைக்கப்பட்டு மெல்லச் சுழன்றது. முதலில் தளர்ந்தும் துள்ளியும் அலைந்த அவ்வார், சுழற்சி சீரானபின் அடங்கியது. கலத்தினுள் சிறிதளவு எடையும் தோன்றியது. 1996இல் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து விடப்பட்ட வடமோ, 19 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டபின் மின்பொறியால் கருகி அறுந்தது.

வடத்தை நீட்டுவதினும் அதன் ஆட்டத்தை அடக்குவதே அரிது. வடத்தில் மேலேறும் ஊர்தி அதனை மேற்கு நோக்கித் தள்ளும். விரைவை அளந்து செலுத்தாவிடில் அசைவு பெருகும். யாத்தல் என்பதற்குக் கட்டுதல் என்றே பொருள். கட்டு இறுகினும் தளரினும் பாட்டு கெடும் என்பதை அறிந்த கவிஞர்க்கு இவ்வுண்மை புதிதன்று. செவிப்புலன் குன்றிய அவ்வாசிரியரும் தம் கற்பனையைக் கணக்கினால் யாத்தார். அதனாலேயே அது அவர் காலத்தைக் கடந்தும் அறாது நிற்கின்றது.