டீசல்... பங்க்ல நாம தினமும் சொல்ற பேருக்குப் பின்னால ஒரு மனுஷன் இருக்கார்!

அம்பாசமுத்திரத்துல இருந்து வி.கே.புரம், பாபநாசம் தாண்டி காரையாறு மலைப்பாதையில உங்க டீசல் கார் ஏறிட்டிருக்குனு வைங்க. திடீர்னு இன்ஜின் லைட் எரியுது. எவ்வளவு மிதிச்சாலும் வண்டி இழுக்கல. மெல்ல உருட்டி ஊருக்குக் கொண்டுவந்து வொர்க்‌ஷாப்ல விடுறீங்க. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துட்டு, ரெயில் பிரஷர் அதிகம்னு சொல்றார். இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரிச்சுக் கொடுக்குற தடிச்ச குழாய்க்குத்தான் ரெயில்னு பேரு. அதுக்குள்ள அழுத்தம் எகிறிடுச்சாம்.

இந்த அழுத்தத்தோட மல்லுக்கட்டியே வாழ்க்கையில பாதியைக் கழிச்சவர்தான் ருடால்ஃப் டீசல். பங்க்ல நீங்க சொல்றது அவரோட பேரைத்தான்.

1858-ல பாரிஸ்ல பிறந்தார். பெற்றோர் ஜெர்மன்காரங்க. அப்பாவுக்குத் தோல் பொருள்கள் செய்யுற தொழில். 1870-ல பிரான்ஸுக்கும் ஜெர்மானியர்களுக்கும் போர் மூண்டதும் குடும்பமே லண்டனுக்கு ஓட வேண்டியதாச்சு. 12 வயசுப் பையனை ஆக்ஸ்பர்க் நகரத்துல இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பி வெச்சாங்க. அங்கே படிச்சு, அப்புறம் மியூனிக்ல இன்ஜினீயரிங். குளிர்சாதன இயந்திரங்களுக்குப் பேர்போன லிண்டேதான் அவருக்கு வாத்தியார்.

அந்தக் காலத்து நீராவி இன்ஜின், எரிக்கிற நிலக்கரியில பெரும்பகுதியை வெறும் சூடா வீணடிச்சுது. டீசலுக்கு அது உறுத்திக்கிட்டே இருந்தது. சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்போட அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்திருக்கீங்களா? சுடும். காத்தை அழுத்தினா சூடாகும். இன்னும் பலமா அழுத்தினா, உள்ள விடுற எண்ணெய் தீப்பொறியே இல்லாம பத்திக்கும். இதுதான் அவரோட யோசனை. 1892-ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். ஆக்ஸ்பர்க் ஆலை ஒண்ணு செஞ்சு பார்க்கலாம்னு இடம் கொடுத்தது.

1893 ஆகஸ்ட் 10. முதல் சோதனை. எரிபொருள் பத்திக்கிச்சு, அழுத்தம் சுமார் 80 பார் வரைக்கும் எகிறுச்சு, சிலிண்டர்ல மாட்டியிருந்த அளவுமானி வெடிச்சுச் சிதறுச்சு. கவனிங்க, முதல்ல உடைஞ்சது இன்ஜின் இல்ல, அழுத்தத்தை அளக்குற கருவி! வேற யாராவது இருந்தா கடையைச் சாத்தியிருப்பாங்க. டீசலுக்கோ, தன் கணக்கு சரினு அதுலயே தெரிஞ்சுபோச்சு.

அடுத்த தலைவலி இன்னும் பெருசு. ஏற்கெனவே இறுகிக் கிடக்குற காத்துக்குள்ள எண்ணெயை எப்படித் தள்ளுறது? உள்ள இருக்குறதைவிட அதிக அழுத்தம் வேணும், அதுவும் அளந்து, சரியான நொடியில, தூறலா விழணும். அப்படி ஒரு பம்பை அன்னிக்கு அவரால செய்ய முடியல. அதனால அழுத்தின காத்தை வெச்சே எண்ணெயை ஊதி உள்ள தள்ளினார். 1894 பிப்ரவரி 17-ம் தேதி இன்ஜின் தானா ஓடுச்சு, ஒரே ஒரு நிமிஷம். 1897 சோதனையில எரிபொருளோட சக்தியில 26.2 சதவிகிதத்தை வேலையா மாத்திக் காட்டினார். 1900 பாரிஸ் கண்காட்சியில ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெய்ல ஓடுச்சுங்கிறது நம்ம ஊர்க்காரங்களுக்குப் பிடிக்கிற தகவல். ஆனா காத்தை ஊதுற கம்ப்ரஸரே பெரும் பாரமா இருந்ததால காருக்குள்ள அதை அடக்க முடியல.

பணம் கொட்டுச்சு. மியூனிக்ல மாளிகை கட்டினார். நிலத்துலயும் எண்ணெய் வயல்லயும் போட்ட முதல் கரைஞ்சுது, உடம்பும் மனசும் தளர்ந்துச்சு. 1913 செப்டம்பர் 29 ராத்திரி, ஆன்ட்வெர்ப்ல இருந்து இங்கிலாந்துக்குப் போற டிரெஸ்டன் கப்பல்ல சாப்பிட்டு முடிச்சு, காலையில எழுப்பிவிடச் சொல்லிட்டு அறைக்குப் போனார். காலையில படுக்கை கலையாமக் கிடந்தது. சில நாள் கழிச்சு ஒரு டச்சுப் படகு, கடல்ல மிதந்த உடலைப் பார்த்தது. அதுல இருந்த பொருள்களை வெச்சு மகன் அடையாளம் சொன்னார். என்ன நடந்ததுனு இன்னிக்கு வரைக்கும் உறுதியா யாருக்கும் தெரியாது.

அவர் தேடின பம்ப் 1927-ல பாஷ் கம்பெனியில இருந்து வந்தது. 1936-ல மெர்சிடிஸ் டீசல் கார். 1997-ல காமன் ரெயில், அழுத்தம் 1,350 பார். இப்போ 2,000-ஐயும் தாண்டியாச்சு. பிசான அறுவடைக்கு வயல்ல இறங்குற மெஷினும் அந்த மனுஷனோட யோசனையிலதான் ஓடுது.

சரி, உங்க காருக்கு வருவோம். பம்ப்பை மாத்தச் சொன்னா அவசரப்படாதீங்க. 1893-ல மாதிரியே முதல்ல அளக்குற கருவியைப் பாருங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன் பண்ணா, ஸ்கேனர்ல ரெயில் அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யமா இருக்கணும். அப்பவும் அதிகமாக் காட்டினா சென்ஸார் அல்லது வயரிங் மேலதான் சந்தேகம். அது சரினா, டேங்குக்குத் திரும்புற ரிட்டர்ன் லைன் மடங்கியிருக்கா, அடைச்சிருக்கானு பாக்கச் சொல்லுங்க. அப்புறம் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துற வால்வும், பம்புக்குள்ள போற டீசலை அளக்குற வால்வும் சிக்கியிருக்கானு பாக்கணும். அழுக்கு டீசலும், மாத்தாத ஃபில்டரும் இந்த வால்வுகளைச் சிக்க வைக்கும்.

ஒண்ணு மட்டும் நீங்களா செய்யாதீங்க. இன்ஜின் ஓடும்போது ரெயில் குழாயோட நட்டைத் தளர்த்தக் கூடாது, கசிவு எங்கேனு விரலை வெச்சுத் தடவவும் கூடாது. அந்த அழுத்தத்துல டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளியில ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், வலிகூட அப்போ பெருசா இருக்காது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், உள்ள போனது டீசல்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.