காஸ்தோன் பிளான்டே

காஸ்தோன் பிளான்டே (ஏப்ரல் 22, 1834 - மே 21, 1889) பிரான்சு நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். 1859 ஆம் ஆண்டில் ஈய-அமில மின்கலத்தை உருவாக்கியவர் இவரே. தீர்ந்த பின்னர் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தத்தக்க முதலாவது நடைமுறை மின்கலம் இதுவாகும். கலங்களைத் தொடராக இணைத்து உயர் மின்னழுத்தம் பெறும் முறையையும் இவர் விரிவாக ஆராய்ந்தார்.

வாழ்க்கைக் குறிப்பு

பிளான்டே தென்மேற்குப் பிரான்சில் உள்ள ஓர்தேசு என்னும் ஊரில் பிறந்தார். புகழ்பெற்ற பியானோ கலைஞர் பிரான்சிசு பிளான்டே இவருடைய தம்பி ஆவார். 1854 இல் பாரிசில் உள்ள கலை, தொழில் காப்பகத்தில் இயற்பியல் விரிவுரை உதவியாளராகப் பணியில் சேர்ந்தார். 1855 இல் பாரிசுக்கு அருகே மூதோன் பகுதியில் பறக்க இயலாத பெரும் பறவை ஒன்றின் புதைபடிவத்தைக் கண்டெடுத்தார். அப்பறவையினத்திற்கு இவருடைய பெயரைத் தழுவி காசுதோர்னிசு எனப் பெயரிடப்பட்டது. 1860 இல் பொதுமக்களுக்குக் கல்வி புகட்டிய பல்தொழில் கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார்.

ஈய-அமில மின்கலம்

நீர்த்த கந்தக அமிலத்தில் வெவ்வேறு உலோகத் தகடுகளை இட்டு மின்னோட்டம் செலுத்தினால், மூல மின்கலத்தை நீக்கிய பிறகும் எதிர்த் திசையில் சிறிது நேரம் மின்னோட்டம் கிடைப்பதைப் பிளான்டே ஆராய்ந்தார். பிற உலோகங்களைவிட ஈயத்தில் இவ்விளைவு வலிமையாகவும் நீண்ட நேரமும் இருந்தது. எனவே இரண்டு ஈயத் தகடுகளை இடையில் துணியிட்டுச் சுருளாகச் சுற்றி அமிலத்தில் அமிழ்த்தினார். 1860 இல் ஒன்பது கலங்கள் கொண்ட அடுக்கு ஒன்றைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார்.

இக்கண்டுபிடிப்பு இரு தடைகளை எதிர்கொண்டது. தகடுகளின் மேற்பரப்பு போதிய அளவு மின்னைத் தேக்க வேண்டுமாயின், பலமுறை மின்னேற்றியும் இறக்கியும் அவற்றைப் பதப்படுத்த வேண்டியிருந்தது. இதற்கு வாரக்கணக்கில் காலம் பிடித்தது. மேலும் அக்காலத்தில் நடைமுறைக்கு ஏற்ற மின்னாக்கிகள் இல்லை. மின்னேற்றுவதற்கே புன்சன் கலம் போன்ற முதன்மை மின்கலங்கள் தேவைப்பட்டன. ஆகவே இருபது ஆண்டுகள் வரை இது பெரும்பாலும் ஆய்வுக்கூடக் கருவியாகவே இருந்தது. 1870களில் மின்னாக்கிகள் பரவின. 1881 இல் கமீய் ஃபோர் ஈய ஆக்சைடுப் பசையைத் தகட்டில் பூசும் முறையைக் கண்டார். இதன் பின்னரே தொழில்முறை உற்பத்தி பெருகியது.

தொடர் இணைப்பு

ஈய-அமிலக் கலம் ஒன்று ஏறத்தாழ 2 வோல்ட்டு தரும். இருபது கலங்களைத் தொடராக இணைத்து மின்னேற்ற 40 வோல்ட்டுக்கும் கூடுதலான மின்னழுத்தம் வேண்டும். பிளான்டே இதற்கு எளிய வழி கண்டார். கலங்கள் அனைத்தையும் பக்க இணைப்பில் வைத்து, இரண்டே புன்சன் கலங்களால் மின்னேற்றினார். பின்னர் ஒரு திருப்பியைச் சுழற்றி அவற்றைத் தொடர் இணைப்புக்கு மாற்றினார். மின்னேற்றக் கூடுதல் நேரம் ஆயினும், வெளியேறும்போது 40 வோல்ட்டு அளவிலான மின்னழுத்தம் கிடைத்தது. இதனால் ஆற்றல் பெருகுவதில்லை. நெடுநேரம் சேர்த்தது குறுகிய நேரத்தில் வெளிப்படுகிறது.

இவ்வாறு 800 கலங்களைத் தொடராக இணைத்து 1600 வோல்ட்டு அளவை எட்டினார். அதனைக் கொண்டு மைக்காத் தகடுகளாலான மின்தேக்கிகளைப் பக்க இணைப்பில் மின்னேற்றி, தொடர் இணைப்பில் இறக்கி, மேலும் உயர்ந்த மின்னழுத்தம் பெற்றார். இப்பொறிகளைக் கொண்டு மின்னல், துருவ ஒளி ஆகியவற்றை ஒத்த தோற்றங்களை ஆராய்ந்தார். இவ்வாய்வுகள் 1879 இல் நூலாக வெளிவந்தன.

மாதிரிகளும் இன்றைய பயன்பாடும்

1881 இல் பாரிசில் நடைபெற்ற அனைத்துலக மின்சாரக் கண்காட்சியில் காஸ்தோன் திசாந்தியே காட்டிய மாதிரி வான்கப்பல், பிளான்டேயின் கலத்தால் இயங்கியது. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜவ்வாது மலை ஏறும் வண்டிகளில் உள்ள 12 வோல்ட்டு ஈய-அமில பேட்டரியும் பிளான்டேயின் வழிவந்ததே. அதனுள் 6 கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. காரைக்குடியில் 1948 இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் ஈய-அமில மின்கலங்களைப் பற்றியும் ஆராய்ந்துள்ளது.

மாதிரிப் படகு, மாதிரி வண்டி செய்வோர் ஒரு கலத்தின் நேர்முனையை அடுத்ததன் எதிர்முனையுடன் இணைக்கின்றனர். அப்போது மின்னழுத்தம் கூடும். ஆம்பியர்-மணிக் கொள்ளளவு கூடாது. கொள்ளளவு குறைந்த கலம் முதலில் தீர்ந்துவிடும். பிற கலங்கள் அதன் வழியே மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்துவதால், அதன் முனைகள் தலைகீழாகிக் கலம் கெடும். எனவே ஒரே வகையும் கொள்ளளவும் வயதும் உடைய கலங்களையே தொடரில் சேர்க்க வேண்டும். குறுக்குச் சுற்று ஏற்பட்டால் கம்பி பழுத்துத் தீப்பற்றக்கூடும் என்பதால் உருகியும் தேவை.

மறைவு

பிளான்டே 1889 இல் மூதோனை அடுத்த பெல்வியூவில் தம் 55 ஆவது வயதில் காலமானார். நிலவின் மறுபக்கத்தில் உள்ள கிண்ணக்குழி ஒன்றுக்கு இவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது. பல்கேரிய அறிவியல் கழகம் ஈய-அமில மின்கல ஆய்வாளர்களுக்கு இவர் பெயரால் பதக்கம் வழங்கியுள்ளது.