மானியக் கட்டை அவிழ்த்த மருத்துவர்

தாம்பரத்தில் மின்சார ரயிலேறி, கிண்டியில் இறங்கி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் பிணியாளரை அழைத்துச் சென்ற தோழர்கள் நம்மிடையே உண்டு. 1954-ல் அதைத் துவக்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் என்பதும் பலருக்குத் தெரியும். அதற்கு முன்பே அவர் அறுவை செய்த இன்னொரு நோயை அறிந்தோர் சிலரே!

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபிலே வந்தவர். அந்த வீட்டுப் பெண் ஆண்கள் கல்லூரியில் நுழைந்தாள்; 1912-ல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றாள்; 1927-ல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவராகவே அமர்ந்தாள்!

சிறுமிக்குப் பொட்டுக் கட்டுவதைச் சாத்திரம் என்றார்கள், கலை என்றார்கள். அம்மையார் கண்டது வேறு. பொட்டுக்குப் பின்னே நிலம் இருந்தது! கோயில் ஊழியத்துக்காக விட்ட மானியம் அது. ஊழியத்தை விட்டால் நிலம் போகும். நிலம் நிலைக்க வேண்டுமா, அடுத்த தலைமுறையிலும் ஒரு பெண் பொட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். 1929-ல் அவர் கொண்டுவந்த சட்டத் திருத்தம் நிலத்தை ஊழியத்திலிருந்து பிரித்தது. இனிப் பொட்டை விட்டாலும் நிலம் அவளுக்கே. ஆலைக் குடியிருப்பில் வாழ்ந்தவருக்கு இதை விளக்க வேண்டுமா? வேலை போனால் வீடும் போகும் என்றால் எவன் வாய் திறப்பான்?

1930-ல் காந்தியார் கைதானதைக் கண்டித்துப் பதவியை உதறினார். அதே ஆண்டில், போக்கிடமற்று வந்த சிறுமியருக்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்தார். ஔவை இல்லம் அப்படித்தான் பிறந்தது. பின்னர் அடையாற்றில் வளர்ந்தது. பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கிய சட்டம் வந்தது 1947-ல். அம்மையார் 1968-ல் மறைந்தார்.

1979 டிசம்பர் 18-ல், பெண்களுக்கு எதிரான பாகுபாடுகள் அனைத்தையும் ஒழிக்கும் உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் சபை ஏற்றது. பெண்ணைத் தாழ்த்தும் வழக்கங்களை மாற்ற அரசு முனைய வேண்டும் என்பது அதன் 5-ஆம் பிரிவு. இந்தியா கையெழுத்திட்டது 1980 ஜூலை 30, அம்மையாரின் பிறந்த நாள்! தற்செயல்தான். 1993-ல் அதை உறுதிசெய்தபோது, அதே 5-ஆம் பிரிவைக் குறித்து டில்லி ஒரு விளக்கம் எழுதிச் சேர்த்தது: எந்தச் சமூகத்தின் சொந்த விவகாரத்திலும், அச்சமூகம் தானே முன்வந்து இசையாமல் தலையிடுவதில்லை என்று.

அந்தச் சமூகத்துத் தாய் வயிற்றில் பிறந்தவரே சட்டசபையில் எழுந்து நின்று கேட்டார். அவருடைய 1927 தீர்மானத்துக்கும் 1947 சட்டத்துக்கும் நடுவே 20 ஆண்டுகள் ஓடின. யார் இசைவுக்காகக் காத்திருந்தார்களாம்?