மேடையில் ஒரு விடுதலை வீரர்

கலையால் மக்களை மகிழ்விப்போர் பலர். அக்கலையையே நாட்டுத் தொண்டாக ஆக்கிக்கொண்டவர் சிலர். அச்சிலருள் ஒருவர் தியாகி விசுவநாததாஸ் ஆவார்.

அவர் 1886ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சிவகாசியில் பிறந்தார். பின்னர் மதுரையை அடுத்த திருமங்கலத்தில் வாழ்ந்தார். முடிதிருத்தும் தொழிலுடைய மருத்துவர் குலம் அவருடையது. இளமையிலேயே இசையிலும் நடிப்பிலும் தேர்ந்து, புராண நாடகங்களில் முதன்மை வேடம் ஏற்றார். ஆயினும், அவர் பிறந்த குலத்தைக் காரணங்காட்டி, நடிகையர் சிலர் அவருடன் இணைந்து நடிக்க மறுத்தனர். அவர் பாட்டைக் கேட்கக் கூட்டம் திரண்டது. மேடையை விட்டு இறங்கினாலோ குலப்பேச்சே முன்நின்றது. இஃது எத்துணைக் கொடுமை!

அக்காலத்தில் இந்தியா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. முருகன் வேடம் புனைந்து வள்ளி திருமண நாடகத்தில் நடிக்கும்போதே அவர் விடுதலைப் பாடல்களையும் பாடுவார். தினைப்புனக் காட்சியில் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார். அக்கொக்கு யாரென்று மக்கள் உணர்ந்து ஆரவாரிப்பர், காவலரும் உணர்ந்தனர். எனவே அவர் பலமுறை சிறை புகுந்தார். கடன் சுமை பெருகியது. அரசின் போர்ப் பிரசாரத்திற்கு நடித்தால் கடனைத் தீர்ப்பதாக ஆளுநர் சொல்லியனுப்பியும், அவர் இணங்கவில்லை என்பர்.

1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், சென்னையில் முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையில், மேடையிலேயே அவர் உயிர் நீத்தார்.

இத்தகைய இழிவு தமிழகத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவில் மரியன் ஆண்டர்சன் என்னும் கறுப்பினப் பாடகிக்கு, அவர்தம் நிறம் காரணமாக, வாஷிங்டன் நகரில் ஓர் அரங்கம் மறுக்கப்பட்டது. 1939 ஏப்ரல் 9ஆம் நாள் அவர் லிங்கன் நினைவகத்தின் முன் திறந்தவெளியில் பாடினார். ஏறத்தாழ 75,000 மக்கள் கூடிக் கேட்டனர்.

மாணவச் செல்வங்களே! குவீன்ஸ்டவுனில் நாம் பல இனத்தாரோடு ஒரே மாடியில் வாழ்கிறோம். நம் தாழ்வாரத்தைப் பெருக்குவோரும் நமக்கு முடிதிருத்துவோரும் நம் மதிப்பிற்குரியவர்களே. பெற்றோர்களே! பிள்ளைகள் ஒருவரோடொருவர் விளையாடும்போது குலமும் நிறமும் கேட்க வேண்டா. அப்பழக்கத்தை நம் இல்லத்திலிருந்தே நீக்குவோமாக. விசுவநாததாசுக்கு நாம் செய்யத்தக்க நன்றி அதுவேயாகும்.