எழுதி வைத்த வணிகர்

இராஜபாளையத்துப் பஞ்சாலை நூலானாலும், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தறித் துணியானாலும், கடன் சொல்லிக் கைமாறும் சரக்குக்குத் தவணை என்று ஒன்று உண்டு. கொடுத்தவர் ஒரு தேதியைச் சொல்வார். வாங்கியவர் வேறு தேதியைச் சொல்வார். இருவரும் பொய்யர்கள் அல்லர். எழுதிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். நம் மார்க்கத்தவர் அல்லாத ஒரு பழைய துணி வணிகரின் வாழ்க்கையை இதற்காகவே இங்கே கூறுகிறேன்.

ஆனந்தரங்கம் பிள்ளை 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை குடும்பத்துடன் புதுச்சேரியில் குடியேறி, 1726இல் காலமானார். இளைஞரான மகன் பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சுக் கும்பெனியின் துணி வியாபாரத்தைக் கவனித்தார். கும்பெனி வணிகர்களுக்கு முன்பணம் கொடுக்கும். அது நெசவாளர் வீடுவரை போகும். இத்தனை கட்டுத் துணி, இன்ன நாளில் என்பது பேச்சு. கப்பலோ பருவக்காற்றைப் பார்த்துப் புறப்படுவது. ஒருவர் சொல் தவறினால் வரிசையாக எல்லோர் சொல்லும் தவறும்.

1736 செப்டம்பரில் அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். தமிழ் ஆண்டு, மாதம், கிழமை, சில வேளை நாழிகைகூடக் குறித்து, வந்த கப்பல், பேசிய விலை, வணிகர் கொடுத்த வாக்கு, கவர்னர் இட்ட உத்தரவு எல்லாவற்றையும் எழுதினார். 1747இல் கவர்னர் துய்ப்ளேக்சுக்குத் தலைமைத் துபாஷியானார். நவாபுகளின் விவகாரங்களும் தலைமேல் ஏறின. அப்போதும் எழுத்தை விடவில்லை. நாமோ வேலை கூடினால் முதலில் கணக்குப் புத்தகத்தைத்தான் மூடுகிறோம்!

அவர் எழுத்தில் குறையும் உண்டு. தம்மை உயர்த்தியும், போட்டியாளரைக் கடிந்தும் எழுதுவார். தன் கையால், தனக்காக எழுதுவதில் இந்த ஆபத்து இருக்கிறது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம், ‘பகரா’ அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனைப் பற்றியது என்பதை அறிவீர்கள். கடனை எழுதச் சொல்வதோடு அது நிற்கவில்லை. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், கடன்பட்டவர் வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும் என்றும் விதிக்கிறது. தொகை சிறிதென்று சோம்பவும் கூடாது. பிள்ளையின் ஏட்டில் இல்லாத காவல் இது.

1754இல் துய்ப்ளேக்சு திருப்பி அழைக்கப்பட்டார். 1756இல் பிள்ளையின் பதவி போயிற்று, உடலும் தளர்ந்தது. ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, 1761 ஜனவரி 12இல் அவர் இறந்தார். நான்கு நாளில் ஊர் வீழ்ந்தது. நாட்குறிப்பு எழுதும் வழக்கத்தை அவருடைய தம்பி மகன் தொடர்ந்தார்.