பதவியைத் துறந்து பணிவிடையில் இறைவனைக் கண்ட 'தீனபந்து' ஆண்ட்ரூஸ்

ஆங்கிலேய ஆட்சிக்காலத்தில் ஆளும் இனத்தில் பிறந்து, ஆளப்பட்டோரின் துயரத்தில் பங்கு கொண்டவர் சார்லஸ் ஃபிரியர் ஆண்ட்ரூஸ். ஏழைகளின் தோழன் எனப் பொருள்படும் 'தீனபந்து' என்ற பெயரால் இந்திய மக்கள் அவரை அழைத்தனர். அவரது நினைவு நாள் ஏப்ரல் 5.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1871-ம் ஆண்டு பிப்ரவரி 12-ம் தேதி ஆண்ட்ரூஸ் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பெம்புரோக் கல்லூரியில் பயின்று, 1897-ல் ஆங்கிலிகன் திருச்சபையின் குருவானார். தென்கிழக்கு லண்டனில் வறியோர் வாழ்ந்த வால்வொர்த் பகுதியில் அக்கல்லூரி நடத்திய ஊழியத்தில் பணியாற்றினார். பசித்தோரிடமும் நோயுற்றோரிடமும் கிறிஸ்துவைக் காண வேண்டும் என்ற நற்செய்தியின் போதனை, அங்கே அவருக்கு அன்றாட அனுபவமாயிற்று.

1904-ல் டெல்லிக்கு வந்து புனித ஸ்டீபன் கல்லூரியில் ஆசிரியரானார். அக்கல்லூரியின் முதல்வர் பதவி காலியானபோது, அதை ஓர் ஆங்கிலேயருக்கு வழங்காமல், அனுபவம் மிக்க இந்தியரான சுசில் குமார் ருத்ராவுக்கே வழங்க வேண்டும் என வலியுறுத்தினார். 1906-ல் ருத்ரா அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். அவருக்குக் கீழ் ஆசிரியராகப் பணியாற்றுவதை ஆண்ட்ரூஸ் மகிழ்வுடன் ஏற்றார்.

தென்னாப்பிரிக்க இந்தியர்களின் போராட்டத்துக்காக கோபால கிருஷ்ண கோகலே நிதி திரட்டியபோது, ஆண்ட்ரூஸ் தம் சேமிப்பு முழுவதையும் அளித்தார். பின்னர் கோகலேயின் வேண்டுகோளை ஏற்று, நண்பர் பியர்சனுடன் 1914 ஜனவரியில் டர்பன் துறைமுகம் சென்றடைந்தார். அங்கே காந்தியைக் கண்டதும் குனிந்து அவர் பாதங்களைத் தொட்டு வணங்கினார். இந்தியர் ஒருவரின் காலை வெள்ளையர் ஒருவர் தொட்டது அந்நாட்டு வெள்ளையரிடையே பெரும் சினத்தை எழுப்பியது. காந்திக்கும் ஸ்மட்ஸுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட ஆண்ட்ரூஸ் துணைநின்றார். ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளர்கள் மீது சுமத்தப்பட்டிருந்த 3 பவுண்டு வரி அவ்வாண்டே நீக்கப்பட்டது. அவ்வரியால் வாடியோரில் தமிழர்கள் ஏராளம். அப்பணியின் நடுவே, இங்கிலாந்தில் அவருடைய தாயார் காலமானார்.

இந்தியா திரும்பியபின், குருப்பணியிலிருந்து விலகி, ரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனில் இணைந்தார். சபையின் பதவி இல்லை. நிலையான வருவாயும் இல்லை. மதமாற்றத்தைத் தம் பணியின் நோக்கமாக அவர் கொள்ளவில்லை. துயருறுவோர் அருகில் இருப்பதே தம் விசுவாசத்துக்குரிய சாட்சி எனக் கருதினார்.

ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டு ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த இந்தியர்களின் நிலையை அறிய, 1915-ல் பியர்சனுடன் அங்கு சென்றார். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகவும் அங்கே தொழிலாளர்கள் அனுப்பப்பட்டு வந்தனர். குடியிருப்புகளின் அவலத்தையும் பெண்கள் அடைந்த இழிநிலையையும் இருவரும் அறிக்கையாக வெளியிட்டனர். நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்கு அவ்வறிக்கை வலுவூட்டியது. 1917-ல் அவர் மீண்டும் ஃபிஜி சென்றார். எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் அனைத்தும் 1920 ஜனவரி 1-ம் தேதி ரத்தாயின.

1921-ல் அசாம் தேயிலைத் தோட்டங்களை விட்டு வெளியேறிய தொழிலாளர்கள், ஊர் திரும்ப வழியின்றி, இன்றைய வங்கதேசத்திலுள்ள சாந்த்பூரில் சிக்கித் தவித்தனர். காவல் படையின் தாக்குதலுக்கு ஆளான அவர்களிடையே காலராவும் பரவியது. 1915-ல் தாமே காலராவால் பாதிக்கப்பட்டிருந்த ஆண்ட்ரூஸ், அங்கு விரைந்து சென்று தன்னார்வலர்களுடன் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார்.

அவரது நட்பு கண்மூடித்தனமானது அன்று. அந்நியத் துணிகளை எரிக்கும் இயக்கத்தில் வெறுப்பு கலந்துவிடும் என அஞ்சி, காந்தியிடமே தம் மறுப்பைத் தெரிவித்தார். ஆயினும் 1924-ல் காந்தி டெல்லியில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது, அருகிலேயே இருந்து பணிவிடை செய்தார். ஆங்கிலேயர் பலர் அவரை இனத் துரோகியாகக் கருதினர். ஆங்கிலேயர் என்பதாலேயே இந்தியர் சிலர் ஐயத்துடன் நோக்கினர். இரண்டையும் அவர் பொறுமையுடன் ஏற்றார்.

1925-லும் 1927-லும் அகில இந்திய தொழிற்சங்க காங்கிரசின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1932-ல் வெளியான நூலில், கிறிஸ்துவுக்குத் தாம் பட்டுள்ள கடனை விவரித்தார். ஏழைகளின் வழியாகவே தம் விசுவாசம் ஆழம் பெற்றது என்பதை அவரது வாழ்வு உணர்த்துகிறது.

1940-ம் ஆண்டு ஏப்ரல் 5-ம் தேதி கல்கத்தாவில் ஆண்ட்ரூஸ் காலமானார். அந்நகரின் லோயர் சர்குலர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பிறந்த நூற்றாண்டான 1971-ல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.