ஸர் வில்லியம் காங்கிரீவ்

பெருந்தேர் சக்கரத்தால் ஓடுகின்றதென்று பலரும் எண்ணுவர். அச்சாணி நழுவியபோதே அதன் அருமை விளங்கும். வேண்டும்போது கழற்றத்தக்கதாயும் வேண்டாதபோது கழலாததாயும் ஒன்றை மற்றொன்றோடு பிணைத்தல் எளிதன்று. அவ்வருமையை வாணத்தொழிலிற் கண்டு உழைத்த ஒருவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

காங்கிரீவ் 1772-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி இங்கிலாந்திற் பிறந்தார். உல்லிச் நகரத்து அரசாங்கப் படைக்கலச் சோதனைச்சாலையின் தலைவராயிருந்தவர் இவர் தந்தையார். மைந்தர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் மைசூர் வாணங்களின் புகழ் சீமை வரை எட்டியிருந்தது. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து, மூங்கிற் கழியையேனும் வாளையேனும் தோல்வாரால் அதனோடு கட்டி எய்வித்தனர். 1780-ல் காஞ்சிபுரத்தையடுத்த பொள்ளிலூர்ப் போரிலும் அவை பாய்ந்தன. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவற்றுட் சில உல்லிச்சுக்குப் போய்ச் சேர்ந்தன.

காங்கிரீவ் 1804-ல் ஆராய்ச்சி தொடங்கினார். லண்டனில் விற்ற பெரிய வாணங்களைத் தம் கைப்பொருள் கொண்டு வாங்கி எய்து பார்த்தார். அவை 600 கெஜத்திற்கு மேற் செல்லவில்லை. மருந்தைத் திருத்தியும், காகிதக் குழாய்க்குப் பதில் இரும்புக் குழாய் அமைத்தும், 2000 கெஜம் செல்லச் செய்தார்.

ஆயின் கோலே பெருந் தொல்லையாயிற்று. கோலில்லா வாணம் நெறி தவறிச் சுழலும். 32 இராத்தல் வாணத்தின் குழாய் மூன்றரை அடி நீளமே. அதன் கோலோ 15 அடி. இரண்டையும் சேர்த்தே சுமந்து செல்லல் அரிது. ஆகவே கோலைத் துண்டுகளாக எடுத்துச் சென்று, களத்தில் இரும்புப் பூண்களாற் பொருத்திக் குழாயின் பக்கத்து வளையங்களிற் செருகினர். பூண் நெகிழினும் கோல் சாயினும் வாணம் குறி தவறும். செவ்வனே பொருந்தியபோதும், கோல் ஒரு பக்கத்தே நின்றமையால், வாணம் நேரே செல்லாது ஒதுங்கிற்று.

இந்நிலையிலேயே அவை போருக்குச் சென்றன. 1807-ல் கோபன்ஹேகன் நகரத்தின்மேற் குண்டுகளும் வாணங்களும் ஒருங்கே பொழியப்பட்டன. வீடுகள் எரிந்தன, படைவீரரல்லாத குடிகள் பலர் மாண்டனர். இவர் அறிவை வியக்கும் நாம் அவ்வழிவை மறைத்துரைத்தல் தகாது.

1814-ல் தந்தையாரின் பதவியும் பட்டமும் இவரை வந்தடைந்தன. அடுத்த ஆண்டில் நெடுநாட் குறைக்கு மருந்து கண்டார். குழாயின் அடித்தட்டின் நடுவே கோலைத் திருகிப் பொருத்தி, புகை வெளிப்படும் துளைகளை அதனைச் சூழ அமைத்தார். கோல் நடுவில் நின்றமையால் வாணம் முன்னிலும் நேராகச் சென்றது. திருகினாற் பொருந்தும், எதிர் திருகினாற் கழலும். 1828-ம் ஆண்டு மே மாதம் பிரான்சு தேசத்துத் துலூஸ் நகரில் இவர் காலமானார். கோலே வேண்டாத வாணத்தை வில்லியம் ஹேல் என்பார் 1844-ல் அமைத்தார்.

காங்கிரீவ் வாழ்ந்த நாளிலேயே வாணம் உயிர்காக்கவும் உதவிற்று. 1807-ல் கார்ன்வால் கரையில் ஆன்ஸன் என்னும் கப்பல் உடைந்து பலர் மாளக் கண்ட ஹென்றி டிரெங்குரோஸ், வாணத்தோடு கயிற்றைப் பிணைத்துக் கப்பலுக்கும் கரைக்குமிடையே செலுத்தும் உபாயத்தை வகுத்தார்.

இன்று மாணவர் பொழுதுபோக்காகச் செய்யும் சிறு ராக்கெட்டுகளிலும் இப்பாடமே உளது. அவற்றின் மூக்கு குழாயிற் செருகப்பட்டிருக்கும். உச்சியிற் சிறு மருந்து வெடித்து அதனைத் தள்ள, பாரசூட் விரியும். மூக்கு தளர்ந்திருப்பின் ஏறும்போதே கழலும். இறுகியிருப்பின் கழலாமல் ராக்கெட்டு தரையிற் பாய்ந்து நொறுங்கும். ஆதலின் ஒட்டுநாடா சுற்றி அளவாகப் பொருத்துவர். கழன்ற மூக்கு தொலையாதபடி கயிறும் கட்டுவர். நண்பர்காள், எய்யுமுன் அதனை ஒருமுறை இழுத்துப் பார்மின். காங்கிரீவின் உழைப்பு நமக்குக் கற்பிப்பது அச்சிறு கவனமே.